நரம்பு மாத்திரைன்னு சொன்னாங்க, அட்டையைப் பார்த்தா வேற பேரு. இதை விட்டுட்டு ஹார்மோனுக்கு மாறலாமா?

மல்லிகைப்பந்தல் (மதுரை) | திங்கள், இரவு 11.52

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க வந்து படிச்சுட்டுப் போறதோட சரி, இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன்.

வயசு 49. டீச்சர். பீரியட்ஸ் நிக்கப் போற காலம் (மெனோபாஸ்) போல, போன தீபாவளியில இருந்து தாறுமாறு. ரெண்டு மாசம் எட்டியே பார்க்காது, வந்தா பத்து நாள் படுத்தி எடுக்கும். அதைக்கூடச் சமாளிச்சுருவேன். இந்தச் சூடுதான் முடியல. போர்டுல எழுதிட்டு இருக்கும்போதே நெஞ்சுக்குள்ள இருந்து குப்புனு கிளம்பி முகம் வரைக்கும் ஏறுது. "டீச்சர், மூஞ்சி செவந்துருச்சு"ன்னு பிள்ளைங்க சொல்லுதுக. ரெண்டு நிமிசத்துல ஜாக்கெட் நனைஞ்சு போகும், அப்புறம் வெடவெடன்னு குளிரும். ராத்திரி மூணு நாலு தடவை இதே கதை. ஃபேனை நான் கூட்ட, அவர் குறைக்க, இப்ப ஆளுக்கொரு ரூம்.

லேடி டாக்டர்கிட்ட போனேன். முழுசாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, "இந்த வயசுல இதெல்லாம் இருக்கும்மா, நரம்புக்கு ஒண்ணு எழுதறேன், படபடப்பு அடங்கிரும்"னு சீட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டாங்க. வீட்ல பொண்ணு அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டு, "அம்மா, இது டிப்ரஷனுக்குக் கொடுக்கிற மாத்திரை"ங்கறா. எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி. அது மாமியார் காதுல விழுந்துருச்சு. "பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரையா?"ன்னு ஆரம்பிச்சு, இப்ப சொந்தக்காரங்க போன் போட்டு துக்கம் விசாரிக்கிற அளவுக்குப் போயிருச்சு.

12 நாள் சாப்பிட்டேன். காலையில குமட்டுது. சூடு கொஞ்சம் குறைஞ்ச மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. சிங்கப்பூர்ல இருக்கிற தங்கச்சி ஏதோ ஹார்மோன் ஜெல் தடவுறாளாம். "ஒரே வாரத்துல அடங்கிருச்சு, உனக்கும் ஒண்ணு அனுப்பறேன்"கிறா. ஹார்மோன்னா கேன்சர் வரும்னு இங்க பயமுறுத்துறாங்க. எது சரி? அதைவிட, எனக்கு மனசுல ஒண்ணுமில்லையே, இதை எதுக்குக் கொடுத்தாங்க?


கோவைக்காரி | செவ்வாய், காலை 6.10

கண்ணு, உங்களுக்குப் பைத்தியமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. முதல்ல அதை மனசுல இருந்து தூக்கிப் போடுங்க.

என் கதை இது. 41 வயசுல ரத்தப்போக்குன்னு கர்ப்பப்பையை எடுத்தாங்க. "கையோட கையா சினைப்பையையும் எடுத்துடலாம், பின்னாடி தொந்தரவு இருக்காது"ன்னாங்க. நானும் தலையை ஆட்டிட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த வாரமே சூடு ஆரம்பிச்சுது பாருங்க, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி. கேட்டா நரம்பு மாத்திரை. நாலு வருசம் அதேதான். 46ல சும்மா கால் இடறி மணிக்கட்டு முறிஞ்சுது. எலும்பு ஸ்கேன் எடுத்தா 65 வயசுக்காரி எலும்பு மாதிரி இருக்குன்னாங்க. அப்பத்தான் வேற டாக்டரம்மா கேட்டாங்க, "ரெண்டு சினைப்பையும் போனப்புறம் ஏன் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தரல?"ன்னு. யாருகிட்டப் போய்க் கேட்கறதுங்க?

மாத்திரை மேல எனக்குக் கோவமில்லை. இது என்ன, எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க, அதுதான்.


உணவே_மருந்து | செவ்வாய், காலை 7.45

சகோதரிகளே, நம் பாட்டிகளுக்கு ஏது மெனோபாஸ் பிரச்சினை? உளுந்தங்களி, எள்ளுருண்டை, வெந்தயம். எல்லாம் மருந்துக் கம்பெனி வியாபாரம். அந்த ஹார்மோன் மாத்திரையைக் குதிரை மூத்திரத்தில் இருந்து எடுக்கிறார்கள் என்பது தெரியுமா?


நெல்லைச்சீமை | செவ்வாய், காலை 8.02

எங்க ஆச்சிக்கு இருந்துச்சு அண்ணாச்சி. சாமத்துல எந்திச்சு வாளித் தண்ணியில துண்டை நனைச்சு மேல போட்டுக்கிட்டு திண்ணையில படுத்துக் கிடப்பா. கிழவிக்குக் கிறுக்குன்னு நாங்க எல்லாரும் சிரிச்சோம். இப்ப எனக்கு 52. இப்பத்தான் புரியுது.


மருந்துக்கடை | செவ்வாய், மதியம் 1.30

தொழில்ல இருக்கேன், அதனால ரெண்டு விஷயம்.

குதிரை மூத்திரம் உண்மைதான். சினைக் குதிரையோட மூத்திரத்துல இருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942ல அமெரிக்காவுல வந்தது. ஆனா இன்னைக்கு ஜெல்லாவும் மாத்திரையாவும் அதிகமா எழுதுற எஸ்ட்ராடையால் அது இல்லை. செடிகள்ல இருந்து எடுக்கிற மூலப்பொருளை ஆய்வுக்கூடத்துல மாத்திச் செய்யறது. நம்ம சினைப்பை சுரக்கிற ஹார்மோனும் அதுவும் அச்சு அசல் ஒண்ணு.

ரெண்டாவது, மல்லிகை அக்காவுக்கு. யார் என்ன சொன்னாலும் அந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தாதீங்க. 12 நாள்ல பெரிசா ஒண்ணும் ஆகாது, ஆனா மாசக்கணக்குல சாப்பிட்டவங்க சட்டுனு விட்டா தலை சுத்தும், மண்டைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி வெட்டும், எரிச்சல் வரும். வெண்லாஃபாக்ஸின்னு இன்னொரு மன அழுத்த மாத்திரை இதுல ரொம்ப மோசம், ரெண்டு வேளை மறந்தாலே காட்டிக் கொடுத்துரும். டாக்டர்கிட்ட சொல்லிப் படிப்படியாத்தான் குறைக்கணும். சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் பாருங்க. குமட்டல் பெரும்பாலும் ரெண்டு வாரத்துல தணியும். மூட்டுவலின்னு டிராமடால் யாராச்சும் எழுதினா, இதைச் சாப்பிடறதை மறைக்காமச் சொல்லிருங்க. ரெண்டும் சேர்றது நல்லதில்லை.


டாக்டர்_பொன்னி | செவ்வாய், இரவு 10.15

மகப்பேறு மருத்துவர் நான், ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. நேரில் பார்க்காமல் யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன். பொதுவாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

மல்லிகை, "எதுக்குக் கொடுத்தாங்க" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் இருக்கிறது. உங்கள் டாக்டர் அதைச் சொல்லாமல் விட்டதுதான் தவறு. மூளைக்குள் ஹைபோதலாமஸ் என்ற இடத்தில் உடம்பின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி, பிறகு வற்றும்போது அது தொட்டாற்சுருங்கி மாதிரி ஆகிவிடுகிறது. உடம்பு துளி சூடானாலும் "தீப்பிடித்துவிட்டது" என்று ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டுகிறது. அந்த ஏற்பாட்டில் செரட்டோனின், நார் அட்ரினலின் என்ற மூளை ரசாயனங்களுக்கும் பங்கு உண்டு. மன அழுத்த மாத்திரைகள் வேலை செய்வதும் அவற்றின் மேல்தான். மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் சூடு குறைவதற்கு அதுதான் காரணம். மனச்சோர்வு குறைய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், சூடு பல பேருக்கு முதல் இரண்டு வாரத்திலேயே இறங்க ஆரம்பிக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013ல் பராக்ஸடின் என்ற மன அழுத்த மாத்திரையை 7.5 மி.கி. அளவில் இதற்கென்றே அனுமதித்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவைவிடக் குறைந்த அளவு அது. ஆக, பைத்திய மாத்திரை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

எது பலமானது என்று கேட்டால் ஹார்மோன்தான். வழக்கமான அளவில் கொடுத்தால், சும்மா மாத்திரை (மருந்தே இல்லாத போலி மாத்திரை) சாப்பிடுபவர்களைவிடச் சூடு வரும் தடவைகள் முக்கால்வாசி குறைகின்றன. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனை ஒன்று 2014ல் வந்தது. 339 பெண்கள், எட்டு வாரம். குறைந்த அளவு எஸ்ட்ராடையால், அதாவது அரை மி.கி., சாப்பிட்டவர்களுக்குச் சூடு 53 சதவீதம் குறைந்தது. வெண்லாஃபாக்ஸின் 75 மி.கி. சாப்பிட்டவர்களுக்கு 48 சதவீதம். வெறும் மாத்திரைக்கே 29 சதவீதம்! இந்தத் தொந்தரவு தானாகவே ஏறி இறங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அடுத்த வீட்டுக்காரி "இந்தக் கஷாயம் குடித்தேன், ஒரே வாரத்தில் போய்விட்டது" என்றால் இந்த 29ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

மன அழுத்த மாத்திரை தொடாத இடங்களும் உண்டு. எலும்பை அது காப்பாற்றாது. பிறப்புறுப்பு வறண்டு போவது, தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி மூத்திரக் கடுப்பு, இதெல்லாம் அதனால் தீராது. சொல்லப்போனால் தாம்பத்திய ஆசையை அது இன்னும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். நம் ஊரில் இதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எழுதிக் கொடுக்கிறவர்களும் கேட்பதில்லை. வறட்சி மட்டும்தான் தொந்தரவு என்றால் அந்த இடத்திலேயே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் போதும். ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு.

கோவைக்காரி அம்மாவுக்கு நடந்தது வருத்தமான விஷயம். 45 வயதுக்குள் இரண்டு சினைப்பையும் போனவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், இயற்கையாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுப்பதுதான் முறை. கர்ப்பப்பையும் இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு அப்படி இல்லை. கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் கட்டாயம், இல்லாவிட்டால் உள்சுவர் தடித்துப் புற்றுவரை போகலாம். 1975லேயே தெரிந்துபோன விஷயம் இது. அதனால் சிங்கப்பூரில் இருந்து ஜெல்லை மட்டும் வரவழைத்துத் தடவ வேண்டாம்.

ஒழுங்கில்லாமல் பத்து நாள் ரத்தப்போக்கு என்கிறீர்களே, ஸ்கேன் எடுத்தார்களா?


மல்லிகைப்பந்தல் | செவ்வாய், இரவு 10.40

இல்லம்மா. எடுக்கவே இல்லை.


டாக்டர்_பொன்னி | செவ்வாய், இரவு 10.44

அப்படியானால் ஹார்மோனா, மாத்திரையா என்ற பேச்சை ஒரு வாரம் ஒத்தி வையுங்கள். முதலில் ஸ்கேன், ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை), பிரஷர். தைராய்டு எகிறினாலும் இதே மாதிரிதான் படபடவென்று வியர்க்கும்.


நீலவேணி | புதன், காலை 5.30

எனக்கு மார்பகப் புற்று. ஆபரேஷன் முடிஞ்சு மூணு வருசம் ஆச்சு, புற்று திரும்பாம இருக்க டமாக்ஸிஃபென் மாத்திரை ஓடிட்டு இருக்கு. ஹார்மோனான்னு கேட்கிற இடத்துலயே நான் இல்லை, அந்தக் கதவு சாத்தியாச்சு. ஆனா டமாக்ஸிஃபென் கொடுக்கிற சூடு இருக்கே, இயற்கையா வர்றதெல்லாம் அதுகிட்ட நிக்காது.

இதை எழுத வந்த காரணம் வேற. முதல்ல ஊர்ல ஒரு டாக்டர் பராக்ஸடின் எழுதினார். கேன்சர் டாக்டர் பார்த்துட்டுப் பதறிப் போயிட்டார். டமாக்ஸிஃபென் சும்மா சாப்பிட்டா மட்டும் வேலை செய்யாதாம், கல்லீரல்ல ஒரு நொதி அதை மாத்தினாத்தான் முழு பலம். பராக்ஸடினும் ஃபுளூவாக்ஸடினும் அந்த நொதியைக் கட்டிப் போட்டுரும். அதனால எனக்கு வெண்லாஃபாக்ஸின் 37.5 மி.கி.யில ஆரம்பிச்சு 75க்குப் போனோம். ஒரு நாளைக்கு 14, 15 தடவை வந்தது இப்ப அஞ்சு ஆறு. எனக்கு அது போதும். தூங்கறேன்.

மன அழுத்த மாத்திரைன்னு மட்டமாப் பேசறவங்க, என்னை மாதிரி ஆளுங்களையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.


வன்னிமரம் (லண்டன்) | புதன், மாலை 4.20

மல்லிகை அக்கா, உங்கட கதையை வாசிக்க என்ர கதை மாதிரியே கிடக்கு. நான் இஞ்ச 22 வருசமா இருக்கிறன். 47 வயசில நித்திரை இல்லாமல், வேலையில பேர் மறந்து, சும்மா சும்மா அழுகை வந்து ஜிபியிட்ட (குடும்ப டொக்டர்) போனனான். பத்து நிமிசக் கதை, கையில சிட்டலோப்ராம், அதுவும் மன அழுத்த மருந்துதான். "எனக்கு மனச்சோர்வு இல்லை டொக்டர், நித்திரைதான் இல்லை, அதாலதான் அழுகை" எண்டு சொன்னனான். அந்தாளுக்கு விளங்கேல்லை.

பிறகு மகள்தான் தேடி எடுத்தவள். இஞ்ச நைஸ் எண்டு ஒரு அமைப்பு, எந்த வருத்தத்துக்கு எந்த மருந்து எண்டு வழிகாட்டி எழுதிறது. 2015ஆம் ஆண்டு மெனோபாஸுக்கு எழுதினதில தெளிவாக் கிடக்கு: சூட்டுக்கு மட்டும் எண்டால் மன அழுத்த மருந்தை முதல் மருந்தாக் குடுக்காதேங்கோ எண்டு. மெனோபாஸோட வாற மனத்தளர்வுக்கு, மனச்சோர்வு நோய் எண்டு உறுதி செய்யாத ஆக்களுக்கு, அந்த மருந்து உதவுதெண்டு தெளிவான ஆதாரம் இல்லை எண்டும் போட்டிருக்கு. அதை அச்சடிச்சுக் கொண்டுபோய் மேசையில வைச்சன். ஒண்டும் பேசேல்லை, ஜெல்லும் புரோஜெஸ்டிரோனும் எழுதித் தந்தவர். 2022இல ஜெல்லுக்குத் தட்டுப்பாடு வந்து கடை கடையா அலைஞ்சது வேற கதை. இங்கிலாந்தில 2023 சித்திரையில இருந்து 19.30 பவுண் கட்டினால் ஒரு வருசத்துக்கான ஹார்மோன் மருந்து முழுக்கக் கிடைக்கும் எண்டு கொண்டுவந்தவை.

நான் சொல்லுறது, சீட்டை வாங்கிக்கொண்டு வராதேங்கோ. ஏன் எண்டு கேளுங்கோ.


கோவைக்காரி | புதன், மாலை 5.05

நீங்க அச்சடிச்சுக் கொண்டுபோய் வைச்சீங்க வன்னி. நம்மூர்ல அப்படி வைச்சா, "கூகிள் டாக்டர்கிட்டயே போங்க"ன்னு அனுப்பிச்சுடுவாங்க :)


கணக்குப்புலி | புதன், இரவு 9.30

எல்லாரும் ஹார்மோனுக்குக் கொடி பிடிக்கிற மாதிரித் தெரியுது. 2002ல அமெரிக்காவுல பெரிய ஆய்வையே பாதியில நிறுத்தினாங்களே, அதை ஏன் யாரும் பேசல? என் அம்மா அந்தச் செய்தியைப் பேப்பர்ல படிச்சுட்டு அன்னைக்கே மாத்திரையைக் குப்பையில போட்டாங்க.


டாக்டர்_பொன்னி | வியாழன், காலை 6.50

போட்டவர்கள் அவர் மட்டும் இல்லை, உலகம் முழுக்க இலட்சக்கணக்கில். அன்றைக்கு என் வெளிநோயாளிகள் அறையில் நானும் பலருக்கு நிறுத்தினேன். இன்று யோசித்தால், அவர்களில் பாதிப் பேருக்காவது நிறுத்தியிருக்கத் தேவையில்லை.

டபிள்யூ.எச்.ஐ. என்பது அந்த ஆய்வின் பெயர். நிறுத்தப்பட்ட பிரிவில் 16,608 பெண்கள், வயது 50 முதல் 79. சராசரி 63. கவனியுங்கள், மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு வருடம் கழிந்தவர்கள். சூட்டுக்காக 49ல் வந்து நிற்கும் மல்லிகை மாதிரிப் பெண்கள் அதில் சொற்பம். கொடுத்தது குதிரை ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் மாதிரி வேலை செய்வது) சேர்ந்த மாத்திரை. பத்தாயிரம் பெண்களை ஒரு வருடம் பார்த்தால், சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்று, ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. கூடுதலாக எட்டுப் பேர். பக்கவாதமும் நுரையீரலில் ரத்தக்கட்டும் தலா எட்டுக் கூடின. இடுப்பெலும்பு முறிவு ஐந்து குறைந்தது, பெருங்குடல் புற்று ஆறு குறைந்தது. பத்திரிகையில் "26 சதவீதம் அதிகம்" என்று வந்தது. இந்த 30-ம் 38-ம் கொட்டை எழுத்தில் வரவில்லை.

கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவும் இருந்தது. அதை 2004ல் நிறுத்தினார்கள், பக்கவாதம் கூடியதால். அதில் மார்பகப் புற்று கூடவில்லை. இருபது வருடம் தொடர்ந்து பார்த்தபோது குறைந்தே இருந்தது.


கணக்குப்புலி | வியாழன், காலை 9.10

டாக்டரம்மா, நன்றி. ஆனா எதிர்க்கணக்கும் வைக்கணும். 2019ல லான்செட் இதழ்ல உலகத்து ஆய்வுகளை எல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போட்டாங்க. 50 வயசுல ஆரம்பிச்சு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ரெண்டையும் தினமும் அஞ்சு வருசம் எடுத்தா, 69 வயசுக்குள்ள மார்பகப் புற்று வர்ற வாய்ப்பு 100க்கு 6.3ல இருந்து 8.3 ஆகுது. அதாவது 50 பேர்ல ஒருத்தர் கூடுதல். வருசத்துக்குப் பத்தாயிரத்துல எட்டுன்னா சின்னதாத் தெரியும், அம்பதுல ஒண்ணுன்னா அப்படித் தெரியாது. ரெண்டுமே உண்மைதானே?


டாக்டர்_பொன்னி | வியாழன், காலை 11.20

இரண்டுமே உண்மைதான். மறுக்க மாட்டேன். அதே கணக்கில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேரில் ஒருவர். இவை கண்காணித்துப் பார்த்த ஆய்வுகள், டபிள்யூ.எச்.ஐ. மாதிரி யாருக்கு எந்த மாத்திரை என்று குலுக்கிப் போட்டுக் கொடுத்தவை அல்ல. அதனால் இரண்டும் முழுதாக ஒத்துப்போவதில்லை. ஆபத்து பூஜ்யம் என்று எந்த நேர்மையான டாக்டரும் சொல்ல மாட்டார். 60 வயதுக்குள், நின்று பத்து வருடத்துக்குள், தொந்தரவு அதிகமாக இருந்து, தடையும் இல்லாவிட்டால், பெரும்பாலோருக்கு நன்மை கூடுதல் என்பதுதான் இன்றைய நிலை. தோல் வழியாகப் போகும் ஜெல்லுக்கு, மாத்திரை மாதிரி ரத்தக்கட்டு ஆபத்துக் கூடுவதாகத் தெரியவில்லை. மார்பகப் புற்று, ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், இவர்களுக்கு வேண்டாம்.


உணவே_மருந்து | வியாழன், மதியம் 12.05

2025 நவம்பரில் அமெரிக்காவே ஹார்மோன் மருந்துகள் மேல் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை (கட்டம் கட்டிப் போடும் கடுமையான எச்சரிக்கை) எடுப்பதாக அறிவித்துவிட்டதே! அன்று விஷம், இன்று அமிர்தம். இவர்களை எப்படி நம்புவது?


மருந்துக்கடை | வியாழன், மதியம் 12.40

அமிர்தம்னு அவங்க சொல்லல சார். இதய நோய், மார்பகப் புற்று, மறதி நோய் பத்தின கட்டத்தை எடுக்கறதா அறிவிச்சாங்க. கர்ப்பப்பை இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தா உள்சுவர் புற்று வரலாம்கிற எச்சரிக்கையை எடுக்கலை. சோயா, மூலிகை பத்திக் கேட்டீங்கன்னா, வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023ல ஹார்மோன் இல்லாத வழிகளை அலசிச்சு. சோயாவைப் பரிந்துரைக்கலை. மனநல ஆலோசனை முறையான சி.பி.டி., எடை குறைப்பு, மன அழுத்த மருந்துகள், வலிப்புக்குக் கொடுக்கிற கபாபென்டின், இதையெல்லாம் ஏத்துக்கிட்டாங்க. உளுந்தங்களி சாப்பிடுங்க, நானும் சாப்பிடறேன். சூட்டுக்கு மருந்துன்னு விக்காதீங்க.


ஜெர்சி_அம்மா | வெள்ளி, காலை 7.15

இங்க அமெரிக்காவுல 2023 மே மாசம் ஃபெசோலினெட்டன்ட்னு ஒண்ணு வந்திருக்கு. ஹார்மோனும் இல்லை, மன அழுத்த மாத்திரையும் இல்லை, டாக்டரம்மா சொன்ன மூளையோட அந்தச் சூட்டு ஏற்பாட்டையே நேராப் பிடிக்குது. எனக்கு நல்லாக் கேட்டது. ஆனா 2024 டிசம்பர்ல கல்லீரல் எச்சரிக்கை போட்டாங்க, ஆரம்பத்துல மாசா மாசம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கணும். விலையைச் சொன்னா மயக்கம் போட்டுருவீங்க.


சம்சாரி58 | வெள்ளி, காலை 9.00

ஆம்பளைங்க எழுதலாமான்னு தெரியல. வீட்டுக்காரம்மா எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாங்க. எந்த மாத்திரையைக் காப்பியில கலந்து கொடுத்தா சரியாகும்? (சும்மா தமாஷுக்கு)


நெல்லைச்சீமை | வெள்ளி, காலை 9.04

காப்பியை நீங்க போட்டுக் குடுங்க, பாதி சரியாப் போயிரும்.


பெயர்_வேண்டாம் | வெள்ளி, இரவு 1.37

எல்லாரும் சூட்டைப் பத்திப் பேசறீங்க. எனக்குச் சூடு பெரிசா இல்லை. 50 வயசு, சென்னை. பையன் ஹாஸ்டல் போனதுல இருந்து எதுலயும் பிடிப்பில்லை. காலையில எந்திரிக்கவே மனசு வர்றதில்லை. குழந்தை பெத்தப்பவும் இப்படி ஆறு மாசம் இருந்தேன். சில நாள் தூங்கிட்டு அப்படியே எழுந்திருக்காமப் போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது. ஹார்மோன் போட்டா இது போகுமா?


டாக்டர்_பொன்னி | வெள்ளி, இரவு 1.51

எனக்குத் தூக்கம் வராமல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று. கண்ணா, நீங்கள் சொல்வது சூட்டுப் பிரச்சினை இல்லை, மனச்சோர்வு நோய். இந்த வயதில் வரும், முன்பு ஒருமுறை வந்தவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும். பீரியட்ஸ் நிற்கப் போகிற காலத்தில் வரும் மனச்சோர்வுக்கு ஈஸ்ட்ரோஜன் உதவியதாகச் சில சின்ன ஆய்வுகள் உண்டு. ஆனால் எழுந்திருக்காமல் போனால் நல்லது என்று தோன்றும் நிலைக்கு ஹார்மோனை மட்டும் நம்ப முடியாது. மனநல மருத்துவரைப் பாருங்கள், மன அழுத்த மாத்திரை உங்களுக்கு அவசியப்படலாம். 14416, டெலி மானஸ், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. இப்போதே கூப்பிடுங்கள். வீட்டில் யாரையாவது எழுப்புங்கள். கூப்பிட்டுவிட்டு இங்கே ஒரு புள்ளி மட்டும் வையுங்கள்.


பெயர்_வேண்டாம் | வெள்ளி, இரவு 2.33

.


நீலவேணி | சனி, காலை 5.15

இப்பத்தான் பார்த்தேன். தனிச்செய்தி அனுப்பியிருக்கேன்மா. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட துணைக்கு ஆள் வேணும்னா நான் வர்றேன், நானும் சென்னைதான்.


மல்லிகைப்பந்தல் | நாலு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

எல்லாருக்கும் பெரிய நன்றி. கேட்டீங்களேன்னு முழுசா எழுதுறேன்.

வேற டாக்டர்கிட்ட போனேன். ஸ்கேன்ல கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சிருக்குன்னு சொல்லி, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒன்பது நாள், கும்பிடாத சாமி இல்லை. புற்று இல்லை, தடிப்பு மட்டும்தான்னு வந்துச்சு. ஹீமோகுளோபின் 8.6. மூச்சு வாங்கினதும் படபடத்ததும் பாதி அதனாலதானாம். தங்கச்சி அனுப்பின ஜெல்லை வாங்கித் தடவியிருந்தா அந்தத் தடிப்பு என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே கை நடுங்குது.

இப்ப காப்பர்-டி மாதிரி, புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் கசியிற ஒண்ணை உள்ள வச்சிருக்காங்க. உள்சுவருக்கும் அது காவல், ரத்தப்போக்கும் குறையுமாம். இரும்பு மாத்திரை ஓடுது. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் சதை எடுத்துப் பார்ப்பாங்க. அது நல்லபடியா வந்தாத்தான் ஜெல்.

எஸ்சிட்டலோப்ராமை நிறுத்தல. குமட்டல் மூணாவது வாரம் போயிருச்சு. ஒரு நோட்டுல குறிச்சுட்டு வர்றேன்: முதல்ல ஒரு நாளைக்குப் பத்துப் பன்னண்டு தடவை, இப்ப ஆறு. ராத்திரி ஒரு தடவைதான் முழிப்பு. புது டாக்டர் சொன்னாங்க, "முதல் டாக்டர் கொடுத்த மருந்து தப்பில்லை, பார்க்காமக் கொடுத்ததுதான் தப்பு"ன்னு. ஜெல் ஆரம்பிச்சு நல்லாப் போச்சுன்னா இதை மெதுவாக் குறைக்கலாமாம்.

மாமியார்கிட்ட உக்காந்து சொன்னேன், இது சூட்டு மாத்திரைன்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எனக்கும் இருந்துச்சுடி, அந்தக் காலத்துல யார்கிட்ட சொல்றது"ன்னாங்க. அதுக்கப்புறம் ராத்திரி ஃபேனை அவங்களே வந்து கூட்டி வச்சுட்டுப் போறாங்க.

வன்னி, ஒரு சந்தேகம். ஜெல் ஆரம்பிச்சா எங்க தடவணும்? அக்கா பேத்தி எங்ககிட்டதான் வளர்றா, ஒன்றரை வயசு, நாள் முழுக்க என் கையிலதான் தொங்குவா.


வன்னிமரம் (லண்டன்) | ஞாயிறு, இரவு 11.10

கையில வேண்டாம் அக்கா, பிள்ளை முட்டும். உள்தொடையிலயோ தொடைக்கு வெளிப்பக்கமோ மெல்லிசாப் பூசுங்கோ. மார்பில பூசவே கூடாது. நல்லாக் காயவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, அதுக்கு மேல உடுப்புப் போடுங்கோ. ஒரு மணித்தியாலத்துக்கு அந்த இடத்தில வேற கிரீம், எண்ணெய் ஒண்டும் வேண்டாம். சின்னப் பிள்ளையளின்ர தோலில அது ஒட்டக் கூடாது. நான் படுக்கப் போகேக்கதான் பூசுறனான்.


மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, இரவு 11.14

சரி வன்னி. அவ தூங்கினப்புறம் தடவிக்கிறேன். ஒன்பதரைக்கெல்லாம் தூங்கிருவா.